டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே

அறுபத்தி மூணாவது வளைவுல பிரேக்க மிதிக்கறேன், பெடல் வழக்கத்த விட ஒரு அங்குலம் கீழ போவுது. ஒரு அங்குலம்தான். வேற எவனா இருந்தாலும் தெரிஞ்சிருக்காது. பதினேழு வருஷமா இந்தப் பிக்கப்ப நான் ஒருத்தன்தான் ஓட்டறேன், இதோட பெடல் எங்க புடிக்கும் எங்க விடும்னு என் உள்ளங்காலுக்குத் தெரியும். காலைலருந்து மலைக் குளிர்ல நின்ன வண்டி, ரெண்டு வளைவு போனா சரியாயிரும், அப்படித்தான் நெனச்சுக்கணும், கொல்லிமலையில கீழ எறங்கறப்ப ஆரம்பத்துலயே பயந்தா பொழப்பு ஓடாது. எழுபது வளைவு. ஒவ்வொண்ணுக்கும் பலகையில நம்பர் போட்டு வெச்சிருக்கான், மேலருந்து வந்தா எழுபதுல ஆரம்பிச்சு ஒண்ணுல முடியும், ஒண்ணப் பாத்தா காரவள்ளி, காரவள்ளி வந்தா சமதரை. பின்னால சில்வர் ஓக் கட்டை. சோளக்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துல ஏத்துனது, நாமக்கல் ரோட்டுல ஒரு மரக்கடைக்குப் போவுது. பக்கத்து சீட்டுல மாதையன். பட்டறைக்காரன், என் வண்டிக்குப் பட்டை கட்டறவன். பின்னால அச்சு மேல வில்லு மாதிரி வளைஞ்சு ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கியிருக்குமே இரும்புப் பட்டை, பாரத்தத் தாங்கறது, அத அடிச்சு வளைச்சுப் பூட்டறதுதான் அவனுக்குத் தொழில். இருவது வருஷத்துப் பழக்கம். நேத்து சாயங்காலம் அவனா வந்தான், 'நாளைக்கு மலைக்குத்தானே போற, நானும் வர்றேன் செங்கோடா, பட்டை முனையில ரப்பர் புஷ் மாத்துனதுக்கப்புறம் வண்டி எப்படிப் போவுதுன்னு காதால கேக்கணும்'னான். எந்தப் பட்டறைக்காரன் வருவான் இப்படி. வேலைய முடிச்சா வண்டியத் தள்ளிவிட்டுட்டு அடுத்த வண்டிக்கு அடியில பூந்துக்குவானுங்க. இவன் வர்றான். ஆனா லோடு ஏத்திக் கெளம்புனதுலருந்து ஒரு வார்த்த பேசல. காதால கேக்கணும்னான், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான் போல.

லோடா இருக்குமோ. லோடா இருக்காது. கெளம்பறதுக்கு முன்னால நானே கைய விட்டுப் பாத்தேனே, நாலு வெரல். பின் டயரோட முதுகுக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இருக்கற சந்துல என் வலது கை நாலு வெரலையும் சேத்துப் படுக்க வெச்சா இறுக்கமும் இல்லாம லூசும் இல்லாம நிக்கணும், அதான் என் கணக்கு. நாலு இருந்தா கயித்தக் கட்டு. மூணு ஆச்சுன்னா எறக்கு. யாரு மொறச்சாலும் எறக்கு. ஸ்டாண்டுல எனக்குப் பேரே நாலு வெரலுதான், செங்கோடன்னு சொன்னா பாதிப் பேருக்குத் தெரியாது. 'நாலு வெரலு வந்துட்டாருப்பா, ரெண்டு வெறகுக் குச்சிய வெச்சுக் கட்டி அனுப்புங்க'ன்னு சிரிப்பானுங்க. சிரிங்கடா. எடை மேடையெல்லாம் கீழ ரோட்டுல இருக்கு, மலை மேல வண்டிக்கு எடை சொல்றது அந்தப் பட்டை மட்டும்தான். பாரம் ஏற ஏறப் பட்டை நிமிரும், வண்டி உக்காரும், சந்து சுருங்கும். மனுசன் பொய் சொல்லுவான், பட்டை சொல்லாது. இத எனக்குச் சொல்லிக் குடுத்ததே இந்தா, பக்கத்துல உக்காந்திருக்கானே, இவன்தான். பதினோரு வருஷமாச்சு. அப்ப நானும் எல்லாரு மாதிரிதான், ஏத்துடா பாத்துக்கலாம். மழையில நனைஞ்ச மரவள்ளிக் கெழங்கு, காஞ்ச மூட்டையும் நனைஞ்ச மூட்டையும் ஒண்ணான்னு யோசிக்கல. இவன் தம்பி ராசு அன்னைக்கு மலைக்கு வந்திருந்தான், எடமில்லாம மூட்டை மேல ஏறி உக்காந்து வந்தான், பதினேழாவது வளைவுல பிரேக் இல்லாம போச்சு. மலைப் பக்கமாச் சாய்ச்சேன். பள்ளத்துப் பக்கம் விட்டிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம்னு எல்லாரும் சொன்னாங்க, சரியாத்தான் சாய்ச்சேன், ஆனா மூட்டை சரிஞ்சுது. எனக்கு ரெண்டு விலா எலும்பு. ராசுவ மூட்டைக்கு அடியிலருந்து எடுத்தாங்க. மாதையன் என்னை அடிக்கல. ஒரு வார்த்த திட்டல. காரியம் முடிஞ்சு பட்டறையத் தொறந்த அன்னைக்கு வண்டியக் கொண்டாரச் சொன்னான், ஒடஞ்ச பட்டையக் கழட்டிட்டு வேற போட்டான், கல்லு ஏத்தி ஏத்திப் பாத்து, என் கையப் புடிச்சு அந்தச் சந்துக்குள்ள வெச்சு அமுக்குனான். 'இது நாலு வெரல். இதுக்கு மேல ஏத்துனீன்னா நீ எந்தம்பிய ரெண்டாந்தடவை கொல்றே.' அவ்வளவுதான் சொன்னான். அன்னைக்கு டயர் மேல இருந்த அவன் கை சூடு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

அம்பத்தி எட்டு. ரெண்டாவது கியர்லதான் இருக்கேன். ஏறுறப்ப எந்த கியரோ எறங்கறப்பவும் அந்த கியர், இன்ஜின் புடிச்சு நிறுத்தணும், பிரேக்கு சும்மா தொட்டுக்கத்தான். இன்னைக்கு இன்ஜின் கத்துது. புடிக்கல, கத்துது. பின்னாலருந்து யாரோ தோள்ல கை வெச்சுத் தள்ளுற மாதிரி இருக்கு. முதல் கியருக்கு வந்துட்டேன். மாதையன் கதவு மேல இருக்கற கம்பியப் புடிச்சிருக்கான், வெரல் முட்டியெல்லாம் வெளுத்துக் கெடக்கு. இவனுக்கு மலை புதுசில்லையே. 'என்னடா, பயமா'ங்கறேன். 'இல்ல'ங்கறான், ரோட்டப் பாத்துக்கிட்டே. ராசு நெனப்பு வந்திருக்கும், பதினேழு வர இன்னும் எவ்வளவோ இருக்கு, பாவம். அம்பத்தி அஞ்சுல கவர்மென்ட் பஸ்ஸு ஏறுது. ஏறுற வண்டிக்கு எறங்கறவன்தான் நின்னு வழிவிடணும், மலையில அதான் மொற. மிதிக்கறேன். கெட்டியா இருக்கு பெடல், ஆனா வண்டி நிக்கல. நிக்காம போவுது. பஸ்ஸோட மூக்கு திரும்பி நேரா என் கண்ணாடிக்கு வருது, டிரைவர் வாய் அசையுது, என்னன்னு கேக்கல, முழுக் காலையும் ஊனி மிதிச்சு, ஸ்டியரிங்க மலைப் பக்கம் ஒடிச்சு, ரோட்டோரத்து ஓடைக் கல்லுல முன் டயரு ஒரசி, நின்னுச்சு. நின்னுச்சுப்பா. ஒரு சாண் இருக்கும் நடுவுல. பஸ்ஸுல சன்னலோரத்துல ஒரு பொம்பள மடியில பலாப்பழத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு என்னையே பாக்குது, நான் ஏதோ வேணும்னு பண்ணுன மாதிரி. பஸ்ஸு ஒடிச்சு ஏறிப் போச்சு. அப்பறந்தான் வாடை வந்துச்சு. கருகுன வாடை, பிரேக் லைனிங் கருகுற வாடை. பதினோரு வருஷத்துக்கு முன்னால மூக்குல ஏறுனது, இன்னைக்கு வரைக்கும் கரிஞ்ச சட்டிய மோந்தாக்கூட எனக்கு அந்த நாள்தான் வரும்.

லோடு இல்லைன்னா இது எப்படி. பிரேக் லைனிங் மாத்தி நாலு மாசம் ஆவல. ஆயில் பாத்தேன். டயர் பாத்தேன். லோடு நாலு வெரல். அங்கயே போயி நிக்குது புத்தி, சுத்திச் சுத்தி. காலைல ஏத்துறப்ப நான் பக்கத்துலயேதான் நின்னேன், சந்துல கைய வெச்சுக்கிட்டு. எப்பவும் கட்டை சைடு பலகைக்கு மேல ரெண்டு வரிசை வந்தா அஞ்சு வெரல் நாலாயிரும், போதும்ப்பாம்பேன். இன்னைக்கு ரெண்டு வரிசை வந்துச்சு, மூணு வந்துச்சு, கை லூசாத்தான் இருந்துச்சு. ஏத்தற ஆளு ஒருத்தன் மேல நின்னுக்கிட்டு, 'ஏனுங்ண்ணா, இன்னைக்கு வெரலு மெலிஞ்சுபோச்சுங்களா'ன்னு கேட்டான், எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வெட்டிப் போட்டு ரொம்ப நாளான கட்டை, காஞ்சு எடை கொறஞ்சிருக்கும்னு நானே சொன்னேன். கட்டையோட அறுத்த மொகத்துல ஈரம் மின்னுச்சே. மின்னுச்சு. பாத்தேன். பாத்துட்டு, பனின்னு நெனச்சேன். ஏன்னா எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம், இன்னைக்காவது ஒரு நெறஞ்ச வண்டியோட கீழ போறோம்னு, மரக்கடைக்காரன் மொகத்த ஒரு நாளாவது சிரிக்கப் பாக்கலாம்னு. போன வாரம் முழுக்க வண்டி ஸ்டாண்டுல வெயில் காஞ்சுது. நாலு வெரலக் கூப்புட்டா ரெண்டு நடை அடிக்கணும், வேற ஆளக் கூப்புடுன்னு பேச்சாயிருச்சு. ஊட்டுக்காரி சுலோச்சனா ஒண்ணும் சொல்லல, சோத்தப் போட்டுட்டுக் கொஞ்ச நேரம் நின்னு பாப்பா, அவ்வளவுதான். காலைல கயிறு கட்டி முடிச்சப்ப போன் பண்ணுனா, எப்பவும் பண்ணுவா. மலையில லோடு ஏத்துற நாள்ல ஒம்பதரைக்கு மேல பண்ணி ஒரே கேள்விதான் கேப்பா, 'எத்தன வெரலுங்க?' நாலும்பேன். 'சேத்து வெச்சா அகட்டி வெச்சா'ம்பா. சேத்துத்தான்டிம்பேன். பதினோரு வருஷமா இதே பேச்சு, ஒரு நாள் விடாம. இன்னைக்கும் கேட்டா. நாலுன்னேன். சேத்தா அகட்டியான்னு கேக்கல. 'அப்ப சரி, பாத்து வாங்க'ன்னா. மாதையன் அப்ப எங்க இருந்தான். டீக்கடையில. ஏத்துற எடத்துக்கே வரல. பக்கத்துல இருந்தும் என் வண்டிக்கு லோடு ஏத்தறப்ப டயர்கிட்ட வந்து குந்திக்காத மாதையன நான் பாத்ததில்ல.

நாப்பத்தி ஆறுல எடம் அகலம், மலைப் பக்கம் ஒரு வண்டி நிக்கலாம். முதல் கியர்லயே உருட்டிக் கொண்டாந்து ஓடையோரமாச் சாய்ச்சு நிறுத்திட்டேன். இன்ஜின அமத்தி ரிவர்ஸ் கியர்ல போட்டேன். ஹேண்ட் பிரேக்கத் தொடல, சக்கரத்துக்குள்ள பிரேக் டிரம்மு சூடா இருக்கறப்ப இழுத்தா அதுபாட்டுக்குக் கவ்விக்கும். கதவுக்குப் பின்னால வெச்சிருக்கற முட்டுக்கட்டை ரெண்டையும் எடுத்து டயருக்கு முன்னால குடுத்தேன். பின் சக்கரத்துலருந்து பொகை லேசா வருது. 'தண்ணி ஊத்தலாமா'ங்கறான் மாதையன், கேன கையில வெச்சுக்கிட்டு. கொதிக்கற டிரம்மு மேல பச்சத் தண்ணி ஊத்துனா வெடிக்கும்னு எனக்குச் சொன்னவனே கேக்கறான். சுத்திப்போயி சந்துல கைய விட்டேன். நாலு வெரல். இறுக்கமும் இல்ல, லூசும் இல்ல. மேல பாத்தா கட்டை கேபினத் தாண்டி நிக்குது. கைய எடுத்துட்டு மறுபடி வெச்சேன். நாலு. வண்டி பொய் சொல்லுதா, என் கை பொய் சொல்லுதா. அப்பறந்தான் மலை ஏறுறப்ப நடந்தது ஞாபகம் வருது, காலி வண்டி, ஒவ்வொரு குழிக்கும் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு, முதுகுத் தண்டு வரைக்கும் வந்துச்சு, பழைய வண்டி இப்படித் தூக்காதே, தொட்டில் மாதிரிப் போவுமேன்னு சொன்னேன், 'புஷ் புதுசு, பழகணுமில்ல'ன்னான் மாதையன். சட்டைய மண்ணுல போட்டு மல்லாக்கப் படுத்துத் தலைய உள்ள விட்டேன். ஆறு பட்டை. பக்கத்துக்கு ஆறு, நான் எண்ணிப் பழகுனது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. தப்பா எண்ணிட்டேன்னு மேலருந்து கீழ எண்ணுனேன். எட்டு. ரெண்டு புதுசு. ஆனா பாத்தாப் புதுசுன்னு தெரியல, பழைய கிரீஸையும் செம்மண்ணையும் கொழச்சு ஓரமெல்லாம் அப்பியிருக்கு, ஒரு வருஷம் ஓடுன பட்டை மாதிரி. வெரலால சொரண்டுனேன். உள்ள பளபளன்னு இரும்பு.

பட்டை போட்டது கெடக்கட்டும். ஊருல எல்லா வண்டியும் ரெண்டு பட்டை அதிகமாப் போட்டுத்தான் ஓடுது, ஓட்டறவனுக்குத் தெரிஞ்சு. இந்த மண்ண அப்புனானே. ஒருத்தன் ஒக்காந்து, நிதானமா, எந்தக் கலர் மண்ணு என் வண்டியில ஒட்டியிருக்குன்னு பாத்து, அதே கலர்ல கொழச்சு, நான் குனிஞ்சு பாத்தாலும் தெரியக்கூடாதுன்னு பூசியிருக்கான். புஷ் மாத்த வண்டிய அவன் பட்டறையில விட்டுட்டு நான் சங்ககிரியில கல்யாணச் சோறு தின்னுக்கிட்டிருந்த ரெண்டு நாள்ல. அடியிலயே படுத்துக் கெடக்கறேன், வெளிய வர மனசில்ல. அவன் கால் மட்டும் தெரியுது, ரப்பர் செருப்பு, கட்டைவெரல் நெகம் கறுத்துப்போன கால். 'மாதையா, குனிஞ்சு இதப் பாரு.' கால் அசையல. 'பாக்க வேண்டியதில்ல செங்கோடா'ங்கறான். அவ்வளவுதான், வேற சாட்சி என்னத்துக்கு. வெளிய வந்து ஒக்காந்தேன். 'புஷ்ஷுன்னு சொன்னே.' 'புஷ்ஷும் மாத்துனேன்.' அந்த பதிலக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, நெசமா. 'யாரு சொல்லிப் போட்டே?' கேன கீழ வெக்கறான், மூடியத் திருகறான், திருகுன மூடியவே மறுபடி திருகறான். 'உன் ஊட்டுக்காரி வந்துச்சு. மூணு தடவ வந்துச்சு. இந்த மனுசன் வெரலப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு, ஒருத்தனும் கூப்புட மாட்டேங்கறான், பித்துப் புடிச்ச மாதிரி ஸ்டாண்டுல ஒக்காந்திருக்காரு, நீங்க சொன்ன அளவுதானேங்ண்ணா, நீங்களே மாத்தி வுடுங்க, அவருக்குத் தெரிய வேண்டாம்னு அழுதுச்சு. நான் முடியாதுன்னுதான் சொன்னேன் செங்கோடா. மூணாந்தடவ பட்டறைத் தரையில ஒக்காந்துருச்சு.'

சுலோச்சனா. காலைல கேட்டாளே. எத்தன வெரலுங்கன்னு கேட்டாளே. மாதையன் போட்டதுகூட எனக்கு எங்கயோ ஒரு மூலையில நிக்குது, அவ கேட்டது நெஞ்சுல எறங்க மாட்டேங்குது. தெரிஞ்சுக்கிட்டே கேட்டா. நான் நாலுன்னு சொல்லுவேன்னு தெரியும், அந்த நாலு நாலில்லைன்னும் தெரியும். ஆசுபத்திரியில விலா எலும்புக்குக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தப்ப, இனிமே எத்தன வெரல்னு தெனம் கேப்பேன், நீங்க சொல்லலைன்னா நானே பஸ்ஸு ஏறி மலைக்கு வந்துருவேன்னு சொன்னவ. சேத்தா அகட்டியான்னு இன்னைக்கு அவளால கேக்க முடியல, அது வேற. அந்த அளவுக்குத்தான் மனசாட்சி இருந்துச்சு போல. 'ரெண்டு பட்டைதானே, எல்லா வண்டிக்கும் எட்டு'ங்கறான் இவன். எட்டுப் பட்டை பாரத்த உக்காராம தாங்கும்டா. பிரேக்கு பழைய பிரேக்குதானே. டிரம்மு அதே டிரம்முதானே. பட்டைய ஏத்துனா நிறுத்தறதுக்கும் எவனாவது ஏத்தி வுடுவானா. இதெல்லாம் இவனுக்கு நான் சொல்லணுமா. ஒரு நெனப்பு வருது, வரக்கூடாத நெனப்பு, பாம்பு மாதிரி நைசா வருது, பதினோரு வருஷம் காத்திருந்தானோ, தம்பிக்காக, இதே மலையில, இதே வண்டியில. மொகத்த நிமிந்து பாக்கறேன். அப்படிப் பண்றவன் பக்கத்து சீட்டுல ஏறி ஒக்காருவானா. 'நீ எதுக்குடா கூட வந்தே?' 'பொறுக்க மாட்டாமத்தான் வந்தேன். நானும் கூட இருந்தா ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்.' 'நீ கூட இருந்தா பிரேக்கு புடிக்குமா?' அவன் செருப்பால மண்ணத் தேய்க்கறான். 'அம்பத்தி அஞ்சுல பஸ்ஸு வந்துச்சே, அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாமில்ல?' 'சொல்லத்தான் வாய் எடுத்தேன்'ங்கறான், 'வாடை வந்துச்சு செங்கோடா, ராசு வாடை, அன்னைக்கு உன் வண்டியில அடிச்ச அதே வாடை, எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு.' பழி வாங்க வந்திருந்தாக்கூட ஒரு வகையில தேவலாம்னு இருக்கு எனக்கு. இது எரக்கம். எம் மேல எரக்கப்பட்டு ரெண்டு பேரும் சேந்து பண்ணியிருக்காங்க. எரக்கப்பட்டவங்கள என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல.

கயித்த அவுத்தேன். கட்டைய எறக்கலாம்னு நான் சொல்லல, அவனும் கேக்கல, நான் மேல ஏறி உருட்டி விட விட அவன் வாங்கி ஓடைக்கு அந்தப் பக்கம் மலையோரமா அடுக்கறான். ஈரக் கட்டை. உரிச்சா மரப்பட்டைக்குக் கீழ தண்ணி கசியுது. எப்படி இதக் காஞ்ச கட்டைன்னு சொன்னேன், எனக்கு யாரு சொன்னா, எவனும் சொல்லல, நானே சொல்லிக்கிட்டேன். அந்த ரெண்டு பேரும் என் கண்ணுல மண்ணப் போட்டாங்கன்னா கண்ண அகலமாத் தொறந்து காட்டுனது நான்தான், இத யாருகிட்டச் சொல்லி அழுவறது. ஒரு கொரங்கு மதில் மேல ஒக்காந்து எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்குது. மாதையனுக்கு மூச்சு வாங்குது, அம்பது தாண்டியாச்சு அவனுக்கும், ஒரு கட்டை வழுக்கி அவன் மொழங்கால்ல இடிச்சுது, ஆன்னு ஒக்காந்துட்டான். கீழ குதிச்சு ஓடணும்போல இருந்துச்சு, கால் பாதி வந்துருச்சு, அப்படியே நின்னுட்டேன். அவனா எந்திரிச்சான். சைடு பலகைக்கு மேல இருந்ததெல்லாம் எறங்கிருச்சு. 'இந்த அளவு போதும்'ங்கறான். 'உன் அளவ நான் கேக்கல.' இன்னும் ஒரு வரிசை எறக்குனேன். இன்னும் ஒண்ணு. எங்க நிறுத்தறதுன்னு தெரியல, அதான் நெசம். முன்னயெல்லாம் கை வெச்சாத் தெரியும். இப்ப வண்டி வெறும் வண்டி மாதிரி அண்ணாந்து நிக்குது, பாதி கட்டை இருக்கறப்பவே. பலகையில பாதிக்குக் கீழ வந்ததும், ராசு எடைய நெனச்சுக்கிட்டு, இன்னும் நாலு கட்டையத் தள்ளிவிட்டுட்டுக் கயித்தக் கட்டுனேன். டிரம்முல கைய வெச்சுப் பாத்தேன், ஆறியிருச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும், வெயில் ஏறிப்போச்சு. முட்டுக்கட்டைய எடுத்து உள்ள போட்டேன். அவன் அந்தப் பக்கக் கதவத் தொறந்தான். 'நீ இங்கயே இரு.' 'செங்கோடா.' 'அடுத்தவன் கட்டை. ரோட்டுல போட்டுட்டுப் போக முடியாது. காவல் இரு, கீழ எறக்கிட்டு வேற வண்டி அனுப்பறேன்.' கதவ மூடறான், மெதுவா, பட்டறையில மூடற மாதிரியே, சத்தம் வராம. 'கீழ போனதும் ஒரு போன் பண்ணு, எறங்கிட்டேன்னு மட்டும்'ங்கறான். நான் வண்டிய எடுத்துட்டேன். கண்ணாடியில அவன் கட்டை மேல ஒக்காருறது தெரியுது, மொழங்கால நீவிக்கிட்டு, அப்பறம் வளைவு வந்துருச்சு.

இப்ப பெடல் எனக்குத் தெரிஞ்ச எடத்துலயே புடிக்குது. நாப்பது, முப்பத்தி ஒம்பது, குழிக்குக் குழி தூக்கிப் போடுது, போடட்டும். பக்கத்து சீட்டு காலியா இருக்கறது தொந்தரவா இருக்கு, திரும்பித் திரும்பிப் பாக்கறேன். கீழ போயி என்ன பண்ணப் போறேன். ரெண்டு பட்டையையும் கழட்டச் சொல்லணும், யாருகிட்ட, ஊருல வேற பட்டறைக்கு நான் போனதே இல்ல. வேற எவனோ என் வண்டிக்கு அடியில படுத்து, இது யாரு வேலைங்ண்ணான்னு கேப்பான், என்ன சொல்லுவேன். ஊட்டுக்குப் போவேன், சோறு போடுவா, பக்கத்துல நிப்பா. இத்தன நாளா அவ நின்னு பாத்தது என்னையவா, இல்ல, இதச் சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு நின்னாளா. மூணு தடவ பட்டறைக்குப் போயிருக்கா. மூணு தடவ திரும்பி வந்து என்கிட்ட டீ குடிக்கறீங்களான்னு கேட்டிருக்கா. தரையில ஒக்காந்தாளாம். என்கிட்ட ஒரு தடவ ஒக்காந்திருக்கக் கூடாதா. ஒக்காந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன், கத்தியிருப்பேன், ராசு பேரச் சொல்லி வாய அடச்சிருப்பேன். ஆமா, அடச்சிருப்பேன். எல்லாத்துக்கும் ராசு பேர எடுத்துக்குவேன் நான். இருந்தாலும் அவ கேட்டது கேட்டதுதான். இருவத்தி ரெண்டு, இருவத்தி ஒண்ணு. பதினேழுல எப்பவும் ரெண்டு ஹார்ன் அடிப்பேன், பதினோரு வருஷமா, அவனுக்கு. இன்னைக்குக் கை ஹார்னுக்குப் போவுது, போயி நிக்குது. என்ன சொல்லி அடிக்கறது, உங்கண்ணன மேல உட்டுட்டு வந்திருக்கேன்னா. மலைப் பக்கத்துச் சொவத்துல அன்னைக்கு வண்டி ஒரசுன எடம் பாசி புடிச்சு மூடிப்போச்சு, எங்கன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அடிக்காம தாண்டிட்டேன். தாண்டி ரெண்டு வளைவு வந்தப்பறம் அடிச்சேன், எதுத்தாப்புல ஒரு வண்டியும் இல்ல.

காரவள்ளி. சமதரையில புளியமரத்து நெழல்ல நிறுத்திட்டு எறங்கி நிக்கறேன். போனுக்கு டவர் வந்ததும் அடிக்குது, சுலோச்சனா. ரெண்டு தடவ அடிச்சு நின்னுச்சு, மூணாந்தடவ எடுத்தேன். 'எறங்கிட்டீங்களா, ஏனுங்க இத்தன நேரம், நானும் எத்தன தடவதான் அடிக்கறது, நாட் ரீச்சபிள் நாட் ரீச்சபிள்னே வருது.' மூச்சு வாங்குது அவளுக்கு, ஊட்டுக்குள்ளயே நடந்துக்கிட்டிருந்திருப்பா. 'எறங்கிட்டேன்.' 'மாதையண்ணன் கூட இருக்கறாருங்களா?' 'மேல இருக்கான். நாப்பத்தி ஆறுல. எறக்குன கட்டைக்குக் காவல்.' குக்கர் விசில் ஒண்ணு வந்துச்சு, அடுப்ப அமத்தற சத்தம் கேட்டுச்சு. 'என்னங்க'ன்னா, கொரலு வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. 'கேளு'ன்னேன். 'என்னத்தங்க கேக்கறது.' 'தெனம் கேக்கறதக் கேளு.' அழுவறா. வாய மூடிக்கிட்டு அழுவறா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு. நான் நடந்து பின் சக்கரத்துக்கிட்டப் போயி, சந்துல கைய வெச்சுக்கிட்டு நிக்கறேன். மூக்க உறிஞ்சிக்கிட்டு, 'எத்தன வெரலுங்க'ன்னு கேட்டா. நாலு வெரலும் உள்ள போயிருச்சு, உள்ளங்கையும் போயிருச்சு, இன்னும் எடம் இருக்கு. ஆறு பட்டையா இருந்தா இது எவ்வளவு எடைன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். 'தெரியல சுலோச்சனா'ன்னேன். 'கைய வெச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன். எனக்குத் தெரியல.'